பிடியரிசி முதல் காலிச் சாக்கு வரை: சேகரத்தில் உணவு உதவி நடத்தும் முறை

ஆதிச்சபையில் முதல் முறுமுறுப்பு பந்தியில்தான் எழுந்தது. வேதத்தில் அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். உணவு போதவில்லை என்று அங்கே யாரும் குறை சொல்லவில்லை. அன்றாட விசாரணையில், அதாவது தினசரி உணவுப் பகிர்வில், கிரேக்க விதவைகள் விட்டுப்போனார்கள் என்பதுதான் புகார். நற்சாட்சி பெற்ற ஏழு பேரைச் சபையார் தெரிந்தெடுக்க, அப்போஸ்தலர்கள் அவர்களிடம் அந்த வேலையை ஒப்படைத்தார்கள். இன்றைக்கும் உணவு உதவி கெட்டுப்போகிற இடம் அதேதான். அரிசி எப்படியாவது வந்து சேர்ந்துவிடும். பட்டியலும் நிறுவையும் கணக்கும் சரியில்லாவிட்டால், வந்த அரிசியே ஊருக்குள் பகையை விளைவிக்கும்.

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துச் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சேகரம் ஒன்று, அதாவது ஒரு போதகரின் கீழ் உள்ள சபைகளின் தொகுதி, மாதம் 40 குடும்பங்களுக்கு மளிகைப் பை கொடுக்கவும், மழை வெள்ளத்தில் சமைத்துப் போடவும் என்னென்ன வேண்டும் என்பதை இங்கே பார்க்கலாம். மற்ற சபையார் பதவிப் பெயர்களை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

யார் கையில் என்ன

ஐந்து பேர் போதும். ஒருவர் கொள்முதல், ஒருவர் இருப்பறைச் சாவி, ஒருவர் கணக்கு, இரண்டு பேர் வீடு பார்க்கிறவர்கள். கொள்முதல் செய்பவரும் கணக்கு எழுதுபவரும் ஒரே குடும்பமாக இருக்கக் கூடாது. ஐவரில் இரண்டு பேராவது பெண்களாக இருக்கட்டும். அடுப்படியின் நிலைமையை ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம்தான் சொல்வாள். ஊரின் கடைசித் தெருவிலிருந்து ஒருவர் கட்டாயம் வேண்டும். அவர் இல்லாத பட்டியலில் அந்தத் தெரு தானாகவே கீழே போய்விடும்.

பட்டியலை ஐயர் (சபைப் போதகர்) கையில் கொடுக்காதீர்கள். சேர்க்கவும் நீக்கவும் அவர்தான் என்று ஆகிவிட்டால், பெயர் கிடைக்காத வீட்டார் ஆலயத்துக்கு வருவதையே நிறுத்திவிடுவார்கள். அவரிடம் வருகிற விண்ணப்பங்களை அவர் குழுவுக்குச் சொன்னால் போதும்.

பட்டியல்

இரண்டு பேராகத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். வருமானம் எவ்வளவு என்று கேட்டால் சரியான பதில் வராது. "நேத்து ராத்திரி என்ன பொங்குனிய?" என்று பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள். அதற்கு வருகிற பதிலிலும், அதற்கு முன்னால் விழுகிற மௌனத்திலும் விஷயம் தெரிந்துவிடும். அடுப்பு எரிகிறதா, சிலிண்டர் காலியா, வீட்டில் சம்பாதிப்பவர் யார், மருந்துச் செலவு எவ்வளவு என்பதைப் பார்த்துவிட்டு, வெளியே வந்த பிறகு எழுதுங்கள். அவர்கள் முன்னால் நோட்டைப் பிரிக்க வேண்டாம்.

அரசிடமிருந்து வரவேண்டியது வருகிறதா என்று முதலில் பாருங்கள். விதவை, முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாயாக உயர்ந்தது. மிக ஏழைக் குடும்பங்களுக்கான அந்தியோதயா ரேஷன் அட்டைக்கு மாதம் 35 கிலோ அரிசி. கைரேகை பதியவில்லை என்று ரேஷன் கடையிலிருந்து திரும்பி வந்த பாட்டிகள் எல்லா ஊரிலும் உண்டு. வயதானோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே பொருள் கொண்டுவரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது. ஒருவருக்கு உதவித்தொகை வாங்கித் தருவது பன்னிரண்டு மாதப் பைகளைவிடப் பெரிய உதவி. பள்ளி நாளில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு போடுவதும் வீண் வேலை, சத்துணவு இருக்கிறது. சனி, ஞாயிறும் மே மாதமும்தான் அவர்களுக்கு வயிறு காயும் நாட்கள்.

பட்டியலில் மதம் என்று ஒரு கட்டம் போடவே கூடாது. சபைச் சந்தா கட்டியவரா, திருவிருந்து எடுக்கிறவரா என்றும் பார்க்கக் கூடாது. 1876 முதல் 1878 வரை நடந்த பெரும் பஞ்சத்தில் திருநெல்வேலி மிஷன்கள் நிவாரணம் கொடுத்தன. அதே ஆண்டுகளில் பெருங்கூட்டமாக மக்கள் சபைகளில் சேர்ந்தார்கள். கஞ்சிக்குச் சேர்ந்த கூட்டம் என்ற ஏச்சு இன்னும் முழுதாக அடங்கவில்லை. பை கொடுக்கும் நாளில் பிரசங்கம் வேண்டாம், கைப்பிரதி வேண்டாம், கூட்டத்துக்கு வாருங்கள் என்ற அழைப்பும் வேண்டாம். யாராவது தானாக ஜெபிக்கக் கேட்டால் ஜெபியுங்கள்.

40 பை கொடுக்க முடியுமென்றால் 36 பேரை மட்டும் சேர்த்து நான்கை ஒதுக்கி வையுங்கள். திடீர்ச் சாவு, விபத்து, தீப்பிடித்த வீடு என்று அந்த நான்கும் மாதாமாதம் போய்விடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லா வீட்டையும் மறுபடி பாருங்கள். மகனுக்கு வேலை கிடைத்த வீட்டை நிறுத்துவதானால் இரண்டு மாதம் முன்பே சொல்லிவிடுங்கள். பையை வாங்க வந்து நிற்கும்போது பெயர் இல்லை என்று சொல்வது கொடுமை.

எந்த மாதம் தேவை கூடும்

ஊரின் தொழிலைப் பொறுத்தது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்; விசைப்படகில் கூலிக்குப் போகிறவர்களுக்கு வேலையே இருக்காது. உப்பளத்தில் ஐப்பசி மழை விழுந்ததும் வேலை நிற்கும், தை வரை திரும்பாது. பனையேறிகளுக்குப் பதநீர்க் காலம் முடிந்த பிறகு கை வற்றும். வருடம் முழுக்க ஒரே அளவு கொடுப்பதை விட, இந்த மாதங்களில் கூட்டிக் கொடுப்பது உதவும். ஆனால் சபைகளில் பொருள் குவிவதோ டிசம்பரில், கிறிஸ்மஸ் கேக்கோடு. அதனால் வாக்குறுதியை டிசம்பரில் வாங்கிப் பணத்தை மேயில் செலவழிக்கப் பழக வேண்டும்.

பையில் என்ன

அரிசி மூட்டையைப் பார்த்தால் கொடுத்தவருக்கு மனம் நிறைகிறது. வாங்குகிறவர் வீட்டிலோ ரேஷன் அரிசி ஏற்கெனவே இலவசமாக இருக்கிறது. ரேஷனில் 30 ரூபாய்க்கு வருகிற ஒரு கிலோ துவரம்பருப்பும், 25 ரூபாய்க்கு வருகிற ஒரு லிட்டர் பாமாயிலும் தீர்ந்த பிறகு குழம்பு தண்ணீராகிறது. ஆகவே அரிசியைக் குறைத்துப் பருப்பையும் எண்ணெயையும் கூட்டுங்கள். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு மாதாந்தரப் பை இப்படி இருக்கலாம்:

அரிசி 5 கிலோ
துவரம்பருப்பு 1 கிலோ
பாசிப்பயறு 1 கிலோ
கொண்டைக்கடலை அரை கிலோ
கடலை எண்ணெய் 1 லிட்டர்
புளி அரை கிலோ
மிளகாய் வற்றல், மல்லி கால் கிலோ வீதம்
உப்பு 1 கிலோ, கருப்பட்டி அரை கிலோ, தேயிலை 100 கிராம்

முட்டையைப் பையில் போட முடியாது. தெருக்கடை அண்ணாச்சியிடம் பேசி, 15 முட்டைக்கு ஒரு சீட்டு கொடுங்கள். வேண்டியபோது வாங்கிக்கொள்வார்கள், வாராவாரம் நீங்கள் பாக்கியைத் தீர்க்கலாம். சர்க்கரை வியாதிக்காரர் வீட்டுக்குக் கருப்பட்டிக்குப் பதில் அந்தத் தொகைக்குக் கூடுதல் பயறு போடுங்கள்.

வெள்ளக் காலத்துப் பை வேறு. பேரிடரில் ஆளொன்றுக்கு ஒரு நாளைக்கு 2,100 கலோரி என்பது உலகெங்கும் நிவாரணப் பணியில் கொள்ளும் கணக்கு. 400 கிராம் அரிசி, 60 கிராம் பருப்பு, 25 கிராம் எண்ணெய், 15 கிராம் சர்க்கரை என்று எடுத்தால் ஏறக்குறைய 1,900 வரும். மீதியைக் கடலையும் வெல்லமும் நிரப்பும். நான்கு பேருக்கு ஏழு நாளைக்கு அரிசி 11 கிலோவும் பருப்பு ஒன்றே முக்கால் கிலோவும் ஆகும். ஆனால் முதல் இரண்டு நாள் அடுப்பே நனைந்து கிடக்கும். அதனால் அவல் 1 கிலோ, பொரிகடலை அரை கிலோ, வெல்லம் அரை கிலோ, மெழுகுவர்த்தி, நனையாமல் சுற்றிய தீப்பெட்டி ஆகியவை முதலில் போகட்டும். கைக்குழந்தைக்கென்று பால் பவுடர் டப்பா விநியோகிக்காதீர்கள். அழுக்குத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தால் வயிற்றுப்போக்கில் முடியும். தாய்க்குச் சாப்பாடு கொடுத்துத் தாய்ப்பால் தொடரச் செய்வதே சரி.

பிடியரிசி

தினம் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியே சேர்த்து, சபைக்குக் காணிக்கையாகக் கொடுக்கும் வழக்கம் மிசோரம் பிரஸ்பிட்டேரியன் சபைகளில் நூறு ஆண்டுக்கும் மேலாக நடக்கிறது. நம் பக்கத்திலும் பெண்கள் ஐக்கிய சங்கங்கள் இதைச் செய்கின்றன. ஒரு பிடி சுமார் 50 கிராம். ஒரு வீட்டில் மாதம் ஒன்றரை கிலோ, 60 வீட்டில் 90 கிலோ.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பொன்னி, இட்லி அரிசி, ரேஷன் புழுங்கல், பச்சரிசி எல்லாம் ஒரே பானையில் விழும். வேகும் நேரம் வேறுவேறு என்பதால் சோறு பாதி குழைந்து பாதி நறுக்கென்று நிற்கும். ஒரு வீட்டின் வண்டு மொத்தத்துக்கும் பரவும். இதை அப்படியே பையில் போட்டுக் கொடுத்தால், நம் தட்டில் விழாததை அவர்கள் தட்டில் போடுவதாகிவிடும். புழுங்கல் மட்டும் என்று அறிவித்து வாங்குங்கள். இல்லையேல், அறுப்பின் பண்டிகையில் செய்வதுபோல ஆராதனை முடிந்ததும் ஏலம் விட்டு, அந்தப் பணத்தில் பருப்பு வாங்குங்கள். இரண்டாவது வழியே நல்லது.

கொள்முதலும் கட்டும் வேலையும்

25 கிலோ வரை கட்டி முத்திரையிட்ட அரிசிக்கு 2022 ஜூலை முதல் 5 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. ஆகவே ஆலைகள் 26 கிலோ மூட்டையாகக் கட்டுகின்றன. மூட்டைக்கு ஐந்து பை போட்டால் ஒரு கிலோ மிஞ்சும். அது நிறுவைச் சேதாரத்துக்கும் சிந்தலுக்கும் போகட்டும். மிஞ்சியதைக் கணக்கில் வரவு வையுங்கள். 40 பைக்கு எட்டு மூட்டை.

மூட்டையைத் தரையில் வைக்காதீர்கள். செங்கல் மேல் பலகை போட்டு, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்குங்கள். மழைக்காலத்தில் ஆலயத்தின் சாமான் அறையில் தண்ணீர் ஏறுமா என்று வயதானவர்களிடம் கேட்டு, ஏறுமென்றால் மாடியில் வையுங்கள்.

சோப்பையும் பினாயிலையும் அரிசியோடு ஒரே பையில் போடாதீர்கள். இரண்டே நாளில் அரிசியும் தேயிலையும் அந்த வாசத்தை இழுத்துக்கொள்ளும். எத்தனை முறை களைந்தாலும் சோற்றில் சோப்பு மணக்கும். எண்ணெய்ப் பாக்கெட்டுக்குத் தனிச் சிறுபை. அடுக்கும்போது அரிசி அடியிலும் எண்ணெய் மேலேயும் வர வேண்டும். பருப்பைப் பிரித்துக் கட்டுகிறவர்கள் பத்துப் பைக்கு ஒன்றைத் தராசில் திருப்பி வைத்துப் பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டில் முக்கால் கிலோவும் நம் வீட்டில் ஒரு கிலோவும் இருப்பது அன்று சாயங்காலமே தெரிந்துவிடும். பிளாஸ்டிக் கைப்பை தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தடை. துணிப்பை வாங்கி, மறுமாதம் அதையே கொண்டுவரச் சொல்லுங்கள். பையின் மேல் சபைப் பெயரை அச்சடிக்காதீர்கள். தெருவில் நடந்துபோகும்போது அது நெற்றியில் ஒட்டிய சீட்டு மாதிரி.

கொடுக்கும் நாள்

அரை மணிக்குப் பத்து வீடு என்று நேரம் பிரித்து முந்தின நாளே சொல்லிவிட்டால் வரிசையே உருவாகாது. நாற்காலி போடுங்கள். படுக்கையில் இருப்பவருக்கு வீட்டுக்கே போகட்டும். கையெழுத்தோ ரேகையோ வாங்க ஒருவர், எடுத்துக் கொடுக்க ஒருவர், மீதியை எண்ண ஒருவர்.

போட்டோ வேண்டாம். பணம் கொடுத்தவர் படம் கேட்பார். அடுக்கி வைத்த பைகளையும் கடை ரசீதையும் எடுத்து அனுப்புங்கள். வலதுகை செய்வதை இடதுகை அறியாதிருக்கட்டும் என்று மத்தேயு 6-இல் படித்துவிட்டு, ஒரு கிழவியைப் பையோடு நிறுத்தி ஆறு பேர் கைநீட்டி நிற்கிற படத்தை வாட்ஸ்அப்பில் போடுவது எந்தக் கணக்கில் சேரும்?

வெள்ளத்தில் அடுப்பு

2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு நின்றுபோன பயணிகளுக்குப் பக்கத்துப் புதுக்குடி மக்கள்தான் சோறு போட்டார்கள். சாலை அறுந்த முதல் 48 மணி நேரத்துக்கு உள்ளூரில் இருக்கும் இருப்புதான் துணை. ஆகையால் புரட்டாசி முடிவதற்குள் மூன்று மூட்டை அரிசி, 25 கிலோ பருப்பு, ஒரு டின் எண்ணெய், முழு சிலிண்டர் ஒன்று, கூரைக்குக் கீழே உலர்ந்த விறகு ஆகியவற்றை ஒதுக்கிவிடுங்கள். ஏறக்குறைய 780 சாப்பாட்டுக்கு வரும். அசனத்துக்கு (சபை விருந்துக்கு) வைத்திருக்கும் அண்டாவும் சட்டுவமும் எங்கே இருக்கின்றன, சாவி யாரிடம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பொங்கத் தெரிந்த தவசுப்பிள்ளை (சமையல்காரர்) யார், அவர் வீடு எந்தக் கரையில் என்பதும் அப்படியே.

நூறு பேருக்குச் சாம்பார் சாதம்: அரிசி 10 கிலோ, துவரம்பருப்பு 3 கிலோ, காய் 7 கிலோ, சின்ன வெங்காயம் ஒன்றரை கிலோ, தக்காளி 2 கிலோ, புளி 600 கிராம், சாம்பார்ப்பொடி அரை கிலோ, எண்ணெய் ஒன்றரை லிட்டர், தண்ணீர் 35 முதல் 40 லிட்டர். உப்பை அரை கிலோவில் தொடங்கி ருசி பார்த்துக் கூட்டுங்கள். பருப்பும் அரிசியும் நன்றாக வெந்த பிறகே புளி சேர வேண்டும். முன்னால் ஊற்றினால் புளிப்பில் பருப்பு கரையாது, அரிசி நறுக்கரிசியாக நிற்கும். முந்நூறு பேருக்கு என்றாலும் ஒரே அண்டாவில் போடாமல் மூன்றாகப் பிரியுங்கள். பெரிய அண்டாவில் மேலே வேகுமுன் கீழே பிடித்துவிடும். கொதி வந்ததும் விறகை வெளியே இழுத்துக் கங்கில் விடுங்கள். அடிப்பிடித்த வாசம் வந்துவிட்டால் கிளறாதீர்கள். கிளறினால் கருகல் வாடை முழுதும் ஏறும். மேலே உள்ளதை அப்படியே வேறு பாத்திரத்துக்கு மாற்றி, அடியை விட்டுவிடுங்கள்.

வெள்ளச் சோற்றில் பெரிய ஆபத்து பொட்டலம்தான். ஆவி பறக்கக் கட்டினால் வியர்த்து, மூன்று நான்கு மணி நேரத்தில் ஊசிப்போகும். அரிசியிலேயே ஒட்டி வரும் ஒரு கிருமியின் வித்து கொதியிலும் சாகாது. சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் அது பெருகி நஞ்சை உண்டாக்கும். திரும்பச் சுடவைத்தாலும் நஞ்சு போகாது. ஆகவே மூடிய அண்டாவிலேயே சூடாகக் கொண்டுபோய், அவரவர் தூக்குவாளியில் ஊற்றுங்கள். பொட்டலம்தான் வழி என்றால் புளியோதரை கட்டுங்கள், தேங்காய்ச் சட்னி கூடவே கூடாது. கட்டிய நேரத்தைப் பொட்டலத்தின் மேல் எழுதுங்கள். கட்டி இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். மதியம் மிஞ்சிய சாம்பார் சாதத்தை ராத்திரிக்கு வைக்காதீர்கள். தண்ணீர் ஊற்றிப் பழையதாக்குவதெல்லாம் வெறுஞ்சோற்றுக்குத்தான்.

கிணறும் தொட்டியும் கலங்கியிருந்தால் முதலில் தெளியவிட்டு, 1,000 லிட்டருக்குப் புதிய பிளீச்சிங் பவுடர் 4 கிராம் வீதம் வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் விட வேண்டும். குடிப்பதற்குக் காய்ச்சியே கொடுங்கள்.

விநியோகத்தைக் கடைசித் தெருவிலிருந்து தொடங்குங்கள். தாழ்ந்த பள்ளத்தில் இருப்பது பெரும்பாலும் அந்தத் தெருதான். முதலில் முங்குவதும் அதுதான். ஆலயத்திலிருந்து கிட்டத்துத் தெருவில் ஆரம்பித்தால் அங்கே போய்ச் சேர்வதற்குள் அண்டா காலியாகிவிடும்.

பணம்

இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை கிடைக்காது. பொருளாகக் கொடுத்ததற்கும் கிடையாது. முதலிலேயே சொல்லிவிடுங்கள். வெளிநாட்டு உறவினர் பணத்தில்தான் சபைகள் அறியாமல் சிக்கிக்கொள்கின்றன. துபாயில் வேலை செய்யும் இந்தியக் குடிமகன் தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடையாகாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட அவர் அண்ணன் அனுப்பினால் ஆகும். அதை எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன்அனுமதியோ உள்ள அமைப்பு மட்டுமே, டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கில் மட்டுமே வாங்க முடியும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்த அமைப்பு அதை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றவும் முடியாது. ஐயரின் சொந்தக் கணக்கில் போடச் சொல்வது இரண்டு பேருக்கும் ஆபத்து.

மிஷனெரிப் பணித்தளத்துக்கு உதவும்போது

இந்திய மிஷனெரி சங்கம் 1903-இல் திருநெல்வேலிச் சபையார் தங்கள் காசில் தொடங்கியது. அந்த மரபில் ஒடிசா, ஜார்க்கண்ட் பணித்தளங்களைப் பணத்தால் தாங்கும் சபைகள் நம்மிடம் பல. அங்கே அரிசி மூட்டையும் பழைய துணியும் லாரியில் அனுப்பாதீர்கள். வாடகையே பாதியைத் தின்னும். அங்கத்துச் சந்தை வியாபாரிக்கும் நஷ்டம். பணத்தை அனுப்பி, அங்கே விளைவதை அங்கேயே வாங்கச் சொல்லுங்கள். ஒடிசாவின் 1967-ஆம் ஆண்டுச் சட்டத்தில், மதம் மாற்றும் நோக்கில் பொருளோ பணமோ கொடுப்பது தூண்டுதல் என்று வரும். ஆகவே உணவு விநியோகமும் ஞானஸ்நான ஆயத்த வகுப்பும் ஒரே நாளில், ஒரே இடத்தில், ஒரே ஆள் கையில் நடக்கவே கூடாது. விநியோகத்தை அந்த ஊர் மக்களின் குழுவே ஏற்றுக்கொண்டால் இன்னும் நல்லது.

கணக்கு முடிக்கும் விதம்

இருப்புப் பதிவேட்டில் ஆறு கட்டம்: தேதி, விவரம், வரவு, செலவு, சேதாரம், மீதி. விநியோகம் முடிந்த அன்றே மீதியை எடை போட்டு எழுதுங்கள். மறுநாள் என்றால் ஒரு கிலோவுக்கு நான்கு பேர் நான்கு காரணம் சொல்வார்கள். அடுத்த ஞாயிறு அறிவிப்பில் வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு, மீதி எவ்வளவு என்று எண்களை மட்டும் வாசியுங்கள். வாங்கியவர் பெயர் வேண்டாம். காலிச் சாக்கையும் எண்ணெய் டின்னையும் பழைய சாமான் வியாபாரியிடம் போட்டால் கொஞ்சம் காசு வரும். எட்டுச் சாக்கு, ஒரு டின், இவ்வளவு ரூபாய் என்று அதையும் அன்றைய பக்கத்திலேயே வரவு வைத்து, இருவர் கையெழுத்துப் போட்டு மூடுங்கள்.